புயல் நாளில் எரிக்காத என்ஜின்

கட்டுப்பாட்டு அறையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்களுக்கு எல்லா நடைமுறைகளையும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எந்தத் திரையில் எந்த எண் சிவப்பானால் யாரைக் கூப்பிட வேண்டும், எந்தக் கட்டளையை அனுப்புமுன் யாருடைய அனுமதி வேண்டும், எல்லாம் அச்சடித்துச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. நடைமுறை ஒன்று சொல்ல, உங்கள் கணக்கு அதற்கு நேர்மாறாகச் சொல்லும் ஒரு நாள் உங்களுக்கு வரலாம். அன்றைக்கு எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அன்று நான் எடுத்த முடிவு சரியாக இருந்தது. அதைப் பெருமையோடுதான் சொல்லப் போகிறேன். ஓய்வு பெற்றாகிவிட்டது. இனிமேல் அடக்கமாகப் பேசி எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

மலேசியாவில் பூச்சோங்குக்குத் தெற்கே இருந்த ஒரு தரைநிலையத்தில் எனக்கு வேலை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சின்னச் செயற்கைக்கோள். பூமத்திய ரேகையை ஒட்டியே சுற்றிக்கொண்டு, காட்டையும் கடலையும் படம் எடுத்து அனுப்பும். அது இப்போது எங்கே இருக்கிறது, நாளைக்கு இந்த நேரம் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் மேசையின் பொறுப்பு. அது எங்கள் தலைக்கு மேல் வந்து போகும் ஒவ்வொரு முறையையும் பாஸ் என்போம். பாஸ் நடக்கும் சில நிமிடங்களுக்குள் அதனோடு பேசி முடித்துவிட வேண்டும். அப்புறம் அது தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். அடுத்த சுற்று வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதுதான்.

ஐம்பது வயதில் நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். அந்த வருடம் என் மகளும் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. கிள்ளானில் இருந்த எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து படிப்போம். "அம்மா, உங்க அசைன்மென்ட் எப்போ டியூ?" என்று அவள் கேட்பாள். "நாலு வருசம் இருக்கு லா" என்பேன். பொறாமையாகப் பார்ப்பாள்.

ஏன் அந்த வயதில் படிக்கப் போனேன் என்று பலர் கேட்டார்கள். காரணம் ஒரு எரிச்சல். சூரியனிலிருந்து பெரிய வெடிப்பு ஒன்று கிளம்பி, பூமியின் காந்தப் புலத்தைப் போட்டு ஆட்டும்போது அதைச் சூரியப் புயல் என்கிறோம். அப்படிப்பட்ட புயல் வந்த நாள்களில் எங்கள் செயற்கைக்கோள் நான் சொன்ன இடத்தில் இருக்காது. ஏன் என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை, அலுவலகத்திலும் யாரிடமும் இல்லை. "அந்தப் புயலெல்லாம் வடதுருவத்துக்காரனுக்கு. நமக்கு இங்க என்ன?" என்று சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கே போனது என்று தெரியாமல் தேடுகிறவள் நான்தானே.

எனக்கு வழிகாட்டியாக அமைந்தவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை அனுமதியில் இங்கே வந்து, ஒரு பல்கலைக்கழகத்தில் விண்வெளி வானிலை பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. நான் அவரை டாக்டர் என்பேன். அவர் என்னை அக்கா என்பார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடியில் குடியிருந்தார். சனிக்கிழமை காலையில் நான் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய் இறங்கி நடந்தால், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பகல் சாப்பாட்டுக் கூட்டம் வரும்வரை அந்த மேசை எங்களுக்கு. கடைக்கார ஆன்டி இலை போட வரும்போது கணினியை மூடிவிட வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

அவரிடம் ஒரு பழக்கம். நான் ஒரு முடிவோடு போனால், அது சரியா தப்பா என்று சொல்லவே மாட்டார். "எது மாறினா உங்க முடிவு மாறும் அக்கா?" என்று மட்டும் கேட்பார். முதல் ஆறு மாதம் அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவே இல்லை. பரீட்சை எழுதப் போனவளிடம் கேள்வித்தாளையும் நீயே தயாரி என்று சொன்ன மாதிரி இருந்தது.

என் ஆராய்ச்சி என்ன என்பதை எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு உயரத்திலும் கொஞ்சம் காற்று இருக்கிறது. புயல் நாளில் துருவங்களுக்கு மேலே அந்தக் காற்று சூடாகி வீங்குகிறது. அந்த வீக்கம் அலை போலப் பரவிப் பூமத்திய ரேகைக்கும் வருகிறது. ஆனால் வந்து சேரச் சில மணி நேரம் ஆகிறது. வந்ததும் செயற்கைக்கோளை உரசிக் கீழே இழுக்கிறது. இதில் பலருக்குக் குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. கீழே இறங்கிய செயற்கைக்கோள் தாமதமாக வராது, முன்னதாக வரும். சுற்று சின்னதாகிவிடுகிறது, வேகமும் கூடுகிறது. அந்த வீக்கம் நம் பகுதிக்கு எப்போது வருகிறது, எவ்வளவு இழுக்கிறது என்பதை எங்கள் செயற்கைக்கோளின் பழைய பதிவுகளை வைத்தே கண்டுபிடிக்கப் பார்த்தேன்.

இரண்டாம் வருடம் நடந்த மதிப்பீட்டுக் கூட்டத்தில் என் வரைபடங்களைப் பார்த்த ஒரு பேராசிரியர் நல்ல மனதோடுதான் ஒரு யோசனை சொன்னார். "மற்ற நாள்களில் உங்கள் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. புயல் நாள்கள்தான் எல்லாவற்றையும் கெடுக்கின்றன. அவற்றை நீக்கிவிட்டால் ஆய்வேடு சுத்தமாக முடிந்துவிடுமே."

என் வழிகாட்டி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "சார், செயற்கைக்கோள் அந்த நாளிலும் பறக்குது. அந்த நாளை நான் எடுத்துட்டா, அன்னைக்கு அது எங்க இருக்குன்னு யார் சொல்வாங்க?"

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அவர் சிரித்தார். "பட்டுன்னு சொல்லிட்டீங்களே அக்கா."

"தப்பா டாக்டர்?"

"தப்பு இல்ல. ஆனா இனி அந்த நாளுக்கெல்லாம் நீங்கதான் பொறுப்பு."

அது வெறும் பேச்சு என்று நினைத்தேன். அடுத்த வருடம் அந்த நாள் வந்தது.

முந்தின நாள் ராத்திரியே புயல் பற்றிய எச்சரிக்கை வந்திருந்தது. காலையில் நான் அலுவலகத்துக்குள் நுழையும்போது எங்கள் இயக்குநர் என்சிக் பைசால் என் மேசை அருகிலேயே நின்றிருந்தார். நாற்பது சொச்சம் வயது. பொறுமைசாலி. மலாயில் அக்காவை காக் என்பார்கள், ஐயா என்பதற்கு என்சிக். அவர் என்னைக் காக் பத்மா என்றுதான் கூப்பிடுவார். எங்கள் அறையில் மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேச்சு நடக்கும். இங்கே தமிழில் தருகிறேன்.

"காக் பத்மா, இதைப் பாருங்க" என்று திரையைக் காட்டினார்.

விண்ணில் சுற்றும் பொருள்களைக் கண்காணிக்கும் ஒரு வெளிநாட்டுச் சேவையிலிருந்து எச்சரிக்கை. பழைய ராக்கெட் ஒன்றின் உடைந்த துண்டு, நாளை பிற்பகல் எங்கள் செயற்கைக்கோளின் பாதையைக் குறுக்கே கடக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வரும். மோதினால் எங்கள் செயற்கைக்கோள் நூறு துண்டாகும். அந்த நூறு துண்டும் மற்றவர்களின் செயற்கைக்கோள்களுக்கு எமனாகச் சுற்றும்.

நடைமுறை தெளிவாக இருந்தது. இப்படி எச்சரிக்கை வந்தால் என்ஜினைக் கொஞ்ச நேரம் இயக்கி, எங்கள் பேச்சில் எரித்து, செயற்கைக்கோளைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். உயர்த்தினால் அது அந்த இடத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேரும். அதற்குள் துண்டு கடந்து போயிருக்கும். பைசால் மத்தியானப் பாஸிலேயே எரிக்கலாம் என்றார். "கட்டளையைத் தயார் பண்ணுங்க. நான் மேலே சொல்லிவிடுகிறேன்."

நான் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். உண்மையாகவே கட்டளையைத் தயார் பண்ண ஆரம்பித்தேன். அப்போது ஆன்டெனாவைக் கவனிக்கும் மெய் லிங் தன் இடத்திலிருந்து குரல் கொடுத்தாள். "பத்மா, இன்னைக்கு உன் செயற்கைக்கோள் அவசரத்தில் இருக்கு. நீ சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே சிக்னல் வந்துவிட்டது."

"எவ்வளவு முன்னால்?"

"கொஞ்சம்தான். ஆனா வழக்கமா இப்படி வராது."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன். முன்னதாக வந்திருக்கிறது என்றால் ஏற்கனவே கொஞ்சம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். எச்சரிக்கையை மறுபடியும் திறந்து, அதன் கணக்கு எந்த நேரத்து அளவீடுகளை வைத்துப் போடப்பட்டது என்று பார்த்தேன். புயல் தொடங்குவதற்கு முன்பு எடுத்தவை.

அந்த எச்சரிக்கை, புயல் வராத உலகத்தில் எங்கள் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்று சொல்கிறது. உண்மையான செயற்கைக்கோள் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. நாளைக்குள் இன்னும் முன்னால் போய்விடும். துண்டு வருவதற்கு முன்பே அது சந்திக்கும் இடத்தைத் தாண்டியிருக்கும். இப்போது நான் என்ஜினை எரித்து அதைத் தாமதப்படுத்தினால் என்ன ஆகும்? புயல் தள்ளிவிட்ட அளவை நான் திரும்ப இழுத்துக் கொண்டுவந்து, சரியாக அந்தத் துண்டின் முன்னால் நிறுத்துவேன்.

பைசாலின் அறைக்குப் போய்ச் சொன்னேன். முழுதாகக் கேட்டார். பிறகு திரையில் இருந்த புயல் குறியீட்டைக் காட்டினார். அது இறங்கிக்கொண்டிருந்தது. "புயல் அடங்குகிறதே காக்."

"துருவத்தில் அடங்குது என்சிக். நமக்கு இனிமேல்தான் முழுசா வரும்."

"எப்படித் தெரியும்?"

"அதைத்தான் மூணு வருசமா படிச்சிட்டிருக்கேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். அடுத்து அவர் சொன்னதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களிடமும் யாராவது ஒருநாள் சொல்வார்கள். "எரித்து மோதினால், நடைமுறைப்படி செய்தோம் என்று சொல்லலாம். எரிக்காமல் மோதினால் நான் என்ன சொல்வேன்?"

இது கோழையின் பேச்சு இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். அதனால் கோபப்படாமல் வெளியே வந்து, என் வழிகாட்டியைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நான் என்னக்கா சொல்ல? நீங்கதான் அந்த அறையில இருக்கீங்க."

"டாக்டர், இன்னைக்காவது சரியா தப்பான்னு சொல்லுங்க!"

"சொல்லிருவேன். ஆனா நான் சொன்னேன்னு நீங்க செஞ்சா, அந்த இயக்குநர் அடுத்த கேள்வி கேக்கும்போது உங்ககிட்ட பதில் இருக்காது. எது மாறினா உங்க முடிவு மாறும்?"

நடைபாதையில் நின்று யோசித்தேன். எங்கள் செயற்கைக்கோள் ஓடுகிற பக்கம் எனக்குத் தெரியும். அந்தத் துண்டும் அதே காற்றில்தானே பறக்கிறது? அதுவும் எங்களைப் போலவே இழுபட்டு முன்னால் வந்தால் இருவரும் மறுபடியும் சேர்ந்தே வருவோம். அப்போது என் வாதம் முழுக்கச் சரிந்துவிடும்.

"அந்தத் துண்டு, டாக்டர். அது எவ்வளவு லேசுன்னு எனக்குத் தெரியல."

"அப்போ அதைப் போய்ப் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

கண்காணிப்புச் சேவைகள் ஒவ்வொரு துண்டின் பாதையையும் வருடக்கணக்கில் பதிவு செய்து வைக்கின்றன. முந்தைய புயல் நாள்களில் இந்தத் துண்டு எப்படி நடந்துகொண்டது என்று எடுத்துப் பார்த்தேன். ஆராய்ச்சிக்காக அந்த நாள்களெல்லாம் எனக்கு மனப்பாடம். நேரே போய்த் தேட முடிந்தது. ஒவ்வொரு புயலிலும் துண்டு கொஞ்சம்தான் அசைந்திருந்தது. கெட்டியான உலோகக் கட்டி போல. எங்கள் செயற்கைக்கோளோ அகலமான சூரியத் தகடுகளை விரித்துக்கொண்டு பறப்பது. காற்று அதைத்தான் பிடித்து இழுக்கும்.

திரும்பவும் பைசாலிடம் போனேன். இம்முறை ஒரு பேரத்தோடு. "மத்தியானம் எரிக்க வேண்டாம். கட்டளையைத் தயாரா வைச்சிருக்கேன். நாளைக் காலைப் பாஸ் வரைக்கும் நமக்கு நேரம் இருக்கு. ஒவ்வொரு பாஸுக்கும் முன்னால, அது எவ்வளவு சீக்கிரம் வரும்னு வெள்ளைப் பலகையில் எழுதுறேன். நான் எழுதின பக்கம் போகலைன்னா நாளைக் காலையில் எரிச்சிடலாம்."

"காத்திருந்தால் எரிபொருள் அதிகமாகச் செலவாகும்."

"ஆகும். தாமதமா எரிச்சா பெருசா எரிக்கணும். அது என்னோட யோசனைக்கு நாம கொடுக்கிற விலை."

சரி என்றார்.

மத்தியானப் பாஸுக்கு முன் பலகையில் ஓர் எண் எழுதினேன். அறையில் இருந்த எல்லாரும் வந்து பார்த்தார்கள். மெய் லிங் ஆன்டெனாவை வழக்கத்தைவிட முன்னதாகவே தொடுவானத்தின் பக்கம் திருப்பி வைத்தாள். நான் எழுதிய நேரம்கூட வரவில்லை. அதற்கும் முன்னாலேயே சிக்னல் வந்துவிட்டது.

என் கணக்கு தப்பு. கொஞ்சம் இல்லை, நன்றாகவே தப்பு. காற்று நான் நினைத்ததைவிட அதிகமாக வீங்கியிருந்தது.

பைசால் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காக், இது நீங்க சொன்ன எண் இல்லை."

இந்த இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம். பதறிப்போய் எல்லாவற்றையும் கைவிட்டு எரித்துவிடலாம். இல்லையென்றால், கிட்டத்தட்ட சரிதான் என்று மழுப்பலாம். இரண்டையும் செய்யாதீர்கள். தப்பை எடுத்து மேசைமேல் வையுங்கள். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

"அளவு தப்பு என்சிக். ஒத்துக்கிறேன். ஆனா பக்கம் சரி. நான் சொன்னதைவிட அதிகமா முன்னால் போயிருக்கு. இப்போ எரிச்சுப் பின்னால் இழுத்தா, நேத்து போட்ட கணக்கை நம்பி இழுக்கிற மாதிரி ஆகும். துண்டும் நான் நினைச்சதைவிட அதிகமா அசைஞ்சிருக்கலாம். அந்தச் சந்தேகம் எனக்கும் இருக்கு. அதைப் புதுசா அளந்து சொல்லச் சொல்லிக் கண்காணிப்புச் சேவையைக் கேளுங்க."

கேட்டார். உலகம் முழுக்க எல்லா நிலையங்களும் அன்று அவர்களையே கேட்டுக்கொண்டிருந்தன. வரிசையில் காத்திருங்கள் என்று பதில் வந்தது.

புதிய எண்ணை வைத்து என் கணக்கைத் திருத்தினேன். அடுத்த பாஸுக்கு மறுபடியும் எழுதினேன். இம்முறை மிக நெருக்கமாக வந்தது. அதற்கடுத்த பாஸில் இன்னும் நெருக்கம். மெய் லிங் என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினாள். நான் சிரிக்கவில்லை. முடிவு இன்னும் பாக்கி இருந்தது.

வீட்டுக்குப் போய்ப் படுத்தேன், தூக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள். காலையில் பெடரல் நெடுஞ்சாலையில் வழக்கமான ஜாம். அதில் நகர்ந்துகொண்டே எல்லாவற்றையும் மனதுக்குள் மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். என் வாதத்தில் எங்கேயும் புதிதாக எதுவும் உடையவில்லை.

எரிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்தக் காலைப் பாஸ்தான் கடைசி. துண்டைப் பற்றிய புதிய அளவீடு இன்னும் வரவில்லை. பைசால் என் மேசைக்கு வந்து நின்றார். முந்தின நாள் மேலிடத்திலிருந்து அவருக்கு எத்தனை அழைப்பு வந்தது என்று எனக்குத் தெரியும். ஒன்றைக்கூட என்னிடம் அனுப்பவில்லை. அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"கடைசியாகக் கேட்கிறேன். எரிக்கலாமா?"

"வேண்டாம்."

"உங்க பேரில் பதிவு செய்யட்டுமா?"

"என் பேரையே போடுங்க."

கட்டளையை அனுப்பாமலே அந்தப் பாஸ் கடந்து போனது. செயற்கைக்கோள் தொடுவானத்துக்குக் கீழே இறங்கியதை வரைபடத்தில் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி நான் நினைத்தாலும் எதையும் மாற்ற முடியாது. வேலையில் அத்தனை வருடம் இருந்தும், அவ்வளவு கனமான ஒரு நிமிடத்தை நான் அதற்கு முன் சுமந்ததில்லை.

நண்பகலுக்குப் பிறகு புதிய அளவீடு வந்தது. ஆபத்து குறைந்திருக்கிறது என்றது. ஆனாலும் நிச்சயமில்லை என்று அடுத்த வரியிலேயே சொன்னது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இரண்டும் கடக்க வேண்டிய நேரம் வந்தபோது செயற்கைக்கோள் பூமியின் அந்தப் பக்கத்தில், எங்கள் ஆன்டெனாவுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அது சுற்றி வரும்வரை என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அறையில் யாரும் உட்காரவில்லை. சிலர் திரையைப் பார்த்தார்கள், சிலர் தரையைப் பார்த்தார்கள். நான் மெய் லிங்கின் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

"வருது" என்றாள்.

ஒரு மெல்லிய பச்சைக் கோடு திரையில் எழும்பியது. பிறகு செயற்கைக்கோளின் எண்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. மின்கலம் நலம். தகடுகள் நலம். எல்லாமே நலம்.

யாரோ கைதட்டினார்கள். பைசால் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்ட முதல் வார்த்தை: "காக், சாப்பிட்டாச்சா?"

யாருமே சாப்பிட்டிருக்கவில்லை. ஆளை அனுப்பிப் பக்கத்துக் கடையிலிருந்து எல்லாருக்கும் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலமாகத் தாப்பாவ் பண்ணிவந்து, அந்தத் திரைகளுக்கு முன்னாலேயே பிரித்துச் சாப்பிட்டோம். அறைக்குள் சாப்பிடக் கூடாது என்பதும் நடைமுறைதான். அன்று அதையும் மீறினோம்.

பிறகு நானும் என் வழிகாட்டியும் அந்த இரண்டு நாளையும் நிதானமாகத் திரும்பக் கணக்கிட்டோம். துண்டு எங்கள் செயற்கைக்கோளுக்குப் பின்னால் நல்ல இடைவெளியில் கடந்து போயிருந்தது. முதல் நாள் மத்தியானம் நாங்கள் எரித்திருந்தால் அந்த இடைவெளியில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும். மோதியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல என் கணக்குக்கு அவ்வளவு கூர்மை இல்லை. ஆனால் அந்த இரண்டையும் அவ்வளவு பக்கத்தில் யாரும் வேண்டுமென்றே கொண்டுபோய் வைக்கமாட்டார்கள். அவர் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி மறுபடியும் அளந்து பார்த்தார். பிறகு, "நல்லா செஞ்சிருக்கீங்க அக்கா" என்றார். அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து நேராக வந்த பாராட்டு அது ஒன்றுதான். கடைக்கார ஆன்டி இலையோடு வந்து நின்றதைக்கூட இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

ஆய்வேட்டில் அந்த இரண்டு நாளுக்குத் தனி அத்தியாயம் எழுதினேன். பலகையில் நான் எழுதிய தப்பான முதல் எண்ணையும் சேர்த்தே எழுதினேன். வாய்மொழித் தேர்வில் அதிகக் கேள்வி வந்தது அந்த எண்ணைப் பற்றித்தான். அதிகம் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பதில் சொன்னதும் அதற்குத்தான். பட்டமளிப்பு விழாவில் என் மகள் போட்ட சத்தத்தில் முன்வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் உங்களுக்குத் தப்பான பாடம் போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் அறையில் அப்படித்தான் ஆனது. புயல் நாளில் எரிக்கக் கூடாது, பத்மா எரிக்கவில்லை என்று ஒரு பேச்சு பரவியது. புதிதாக வந்தவர்கள் அதை ஒரு விதி மாதிரியே சொல்லத் தொடங்கினார்கள். நான் செய்தது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏன் செய்தேன் என்பது தெரியவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் இன்னொரு புயல். இன்னொரு எச்சரிக்கை. இம்முறை குறுக்கே வந்தது ஒரு செத்துப்போன செயற்கைக்கோள். காலையில் நான் உள்ளே வந்தபோது அறையே நிம்மதியாக இருந்தது. மெய் லிங் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். பைசால் சிரித்தபடி வந்தார். "டாக்டர் பத்மா, பலகையைத் துடைச்சு வைச்சிருக்கோம். காத்திருக்கலாம்தானே?"

நான் உட்கார்ந்து பார்த்தேன். எச்சரிக்கையின் அளவீடுகள் இம்முறை புயல் தொடங்கிய பின் எடுத்தவை. எங்கள் செயற்கைக்கோள் முன்னால் ஓடியதை அது ஏற்கனவே கணக்கில் எடுத்திருந்தது. வரவிருந்த அந்தச் செத்த செயற்கைக்கோளும் எங்களுடையதைப் போலவே அகலத் தகடுகளோடு லேசாக இருந்தது. இருவரையும் காற்று ஒரே மாதிரி இழுக்கும். என்னை முன்பு காப்பாற்றிய வித்தியாசம் எதுவும் இங்கே இல்லை. ஒருமுறை பார்த்தேன், மறுமுறையும் பார்த்தேன். எது மாறினால் என் முடிவு மாறும் என்று தேடினேன். அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

"இல்லை என்சிக். இப்பவே எரிக்கணும்."

"புயல் நாளிலா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"ஆமாம். அடுத்த பாஸிலேயே."

பைசால் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். விளக்கம் கேட்கவில்லை. நானே கூப்பிட்டு உட்காரவைத்து, கேட்டவர்கள் எல்லாருக்கும் திரையைக் காட்டி விளக்கினேன். பிறகு கட்டளையைத் தயார் செய்தேன். பாஸ் தொடங்கியது. அனுப்பினேன். எங்கள் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் ஒரு சின்ன என்ஜின் எரிந்தது, அணைந்தது. செயற்கைக்கோள் மெல்ல உயர்ந்து அடுத்த சுற்றுக்குக் கிளம்பியது.

மறுநாள் அந்தச் செத்த செயற்கைக்கோள் நல்ல தூரத்தில் கடந்து போனது. அதற்கு யாரும் கைதட்டவில்லை. பத்திரமாக முடிந்த வேலைக்கு அறையில் சத்தம் எழாது. வாழ்க்கையில் எடுத்த முடிவுகளில் எதை நினைத்து அதிகம் பெருமைப்படுகிறீர்கள் என்று என்னைக் கேட்டால், எல்லாரும் அந்த முதல் நாளைத்தான் எதிர்பார்ப்பார்கள். எனக்கு இரண்டாவதுதான். முதல் நாளில் என் கணக்கு மற்றவர்களை எதிர்த்து நின்றது. இரண்டாவது நாளில் அது, புயல் நாளில் எரிக்காதவள் என்ற என் பெயரையே எதிர்த்து நின்றது. நான் கணக்கின் பக்கம் நின்றேன்.